மறுபடியும் மரத்திலேயே

"இந்தக் காலத்துல போயி மரத்துல பாலம் கட்டுவாங்களா?" என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் குறைவு. கேட்டவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் புதுச்சேரியில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன். சிமெண்டு மூட்டைக் கணக்கும் கம்பிக் கணக்கும்தான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, பழைய மரப்பாலத்தைப் பிரித்துவிட்டு மறுபடியும் மரத்திலேயே போடலாம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "மரவாடியில கமிஷன் பேசிட்டாம்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமானது.

கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை கடலில் விழும் தாழங்குடா பக்கம் வந்தவர்களுக்கு அந்தப் பூமி எப்படி என்று தெரியும். எது ஆறு, எது உப்பங்கழி, எது வெறும் பள்ளம் என்று வெயில் காலத்தில் வேண்டுமானால் பிரித்துச் சொல்லலாம். மழைக்காலத்தில் எல்லாம் ஒரே தண்ணீர். எங்கள் ஓடையும் அந்தக் குடும்பம்தான். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வந்து நண்டும் இறாலும் விட்டுப் போகும். கார்த்திகையில் மேற்கிலிருந்து நல்ல தண்ணீர் வந்து அத்தனையையும் அடித்துக்கொண்டு போகும். அதன் மேல் 40 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு நடைபாலம். இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் கொல்லையும் சவுக்குத் தோப்பும் சுடுகாடும். சுடுகாடு அந்தப் பக்கம் இருக்கிற காரணத்தால் எங்கள் ஊரில் எல்லோரும் ஒருநாள் அந்தப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்பது ஊரில் பழைய கேலி.

தாத்தா காலத்தில் பனங்கட்டை உத்திரங்களைப் போட்டு மேலே வரிச்சு கட்டியதோடு சரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை வந்தது, கைப்பிடி வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஆயிரக்கணக்கில் படுத்தன. எங்கள் பாலமும் படுத்தது. அப்போது ஊரைச் சுற்றி விழுந்து கிடந்த மரங்களையே அறுத்து, வேம்பு, சவுக்கு, பனை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்து அவசரமாக ஒரு பாலம் போட்டார்கள். அவசரப் பாலம் என்றாலும் பதிமூன்று மழைக்காலம் தாங்கியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்களே, அந்தத் தண்ணீரில் மிதந்து வந்த வாழையும் சவுக்குக் கட்டையும் பாலத்தில் வந்து அடைத்துக்கொண்டன. கைப்பிடி போயிற்று. நடுக்கால் ஒன்று சாய்ந்தது. அப்படியும் அதன் மேல் புல்லுக்கட்டு போய்க்கொண்டுதான் இருந்தது.

கான்கிரீட் வேண்டாம் என்று நான் சொன்னது கான்கிரீட் மேல் உள்ள கோபத்தால் இல்லை. அதை அன்றாடம் பார்க்கிறவன் என்பதால் சொன்னேன். கடல் ஏறி இறங்கும் இடத்தில் நிற்கும் கான்கிரீட்டை மிக மோசமான சூழல் என்று வகைப்படுத்துகிறது இந்தியத் தரநிலை 456. கம்பிக்கு வெளியே குறைந்தது 75 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கலவையின் வலு எம்40 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது. எங்கள் ஓடைக்குக் கலவை லாரி வர வழி கிடையாது. கையால் சுற்றும் மிக்சரில், வாளியில் கண்ணளவுக்குத் தண்ணீர் ஊற்றி, எம்40 எடுத்துவிடுவோம் என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். உப்பு உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிற பொருள், அது உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரையோரம் பத்துப் பதினைந்து வருஷத்து வீடுகளில் சன்ஷேடு பெயர்ந்து கம்பி தொங்குவதைப் பார்க்காதவர் யார்? புதுச்சேரியில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் இறங்கியதை ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

மரமும் கெடும். ஆனால் எங்கே கெட்டது என்று அதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். கெட்ட துண்டை மட்டும் மாற்றலாம். மாற்றுவதற்கு ஊரில் இருக்கும் கையும் உளியும் போதும். கான்கிரீட் கெட்டால் எங்கள் ஊரில் அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மனு எழுதலாம், அவ்வளவுதான். மனு எழுதியும் பார்த்தோம். போன இடத்தில், அவர்களுடைய விலைப்பட்டியல்படி மரத்தில் நடைபாலத்துக்கு மதிப்பீடு போட முடியாது, கான்கிரீட் என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர்ப்பணம், கோயில் பணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போட்ட பணம் என்று சேர்த்து வேலையில் இறங்கியது அதன் பிறகுதான்.

ஆசாரியைக் கடலூர் முதுநகரிலிருந்து கூட்டி வந்தோம். வீட்டுக் கதவு ஜன்னல் செய்கிறவர் இல்லை. உப்பனாற்றங்கரையில் விசைப்படகு கட்டியவர். ஃபைபர் படகு வந்த பிறகு அந்த வேலை சுருங்கி, இப்போது பழைய மரப்படகுகளுக்குப் பலகை மாற்றுவதும், பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்து அடிப்பதுமாக இருக்கிறார். வந்தவர் புதுப் பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "மொதல்ல பழச பிரி தம்பி. எங்க எங்க செத்துருக்குதுனு பாக்காம புதுச எப்புடிப் போடுறது?"

பிரித்த அந்த இரண்டு நாளில் கற்றதைப் படித்த படிப்பில் நான் கற்கவில்லை. பலகைகளின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆணி இறங்கிய ஓட்டையைச் சுற்றி மட்டும் கறுத்து, விரலால் தோண்டினால் மாவாக வந்தது. துருப்பிடிக்கும் ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்துத் தின்கிறது. இரண்டு பலகை நெருக்கமாக ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் ஓரம் போயிருந்தது, ஏனென்றால் அங்கே மழைத்தண்ணீர் நின்றது. உத்திரத்தின் மேல்முகம், பலகை படிந்த இடம், அங்கேயும் அதே கதை. வெயிலும் காற்றும் பட்ட இடம் சாம்பல் நிறமாக வெளுத்திருந்ததே தவிரச் சாகவில்லை. மரம் நனைவதால் சாவதில்லை, காயாததால் சாகிறது. ஈரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு அங்கே வேலை கிடையாது.

கால்களைப் பிடுங்கியபோதுதான் ஆசாரி உட்கார்ந்துவிட்டார். சேற்றுக்குள் புதைந்திருந்த அடிப்பகுதி நேற்று வெட்டிய மரம் மாதிரி ஈரமாக, கெட்டியாக இருந்தது. காற்றுப் போகாத சேற்றில் மரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பழைய கிணறுகளின் அடியில் மர வளையம் வைத்து மேலே உறை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தண்ணீருக்கு மேலே இருந்த பகுதியும் பரவாயில்லை. நடுவில், கடல் ஏறி இறங்கும் அந்த மூன்றடியில், வெளியே குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள். "பாரு" என்று சொல்லிக் கோடரியால் ஒரே போடு போட்டார். கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குழாய்கள், ஒன்றை ஒன்று இடிக்காமல் வளைந்து வளைந்து, ஒவ்வொன்றின் உள்சுவரிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. ஒன்றில் ஆள் இன்னும் இருந்தது. புழு மாதிரி நீளமாக, கொழகொழவென்று, தலைப்பக்கம் இரண்டு குட்டி ஓடுகளுடன்.

கப்பல் புழு என்று சொன்னாலும் அது புழு இல்லை, மட்டியின் பங்காளி. தலையில் இருக்கும் அந்த இரண்டு சிப்பித் துண்டுதான் அதற்கு அரம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்து கட்டையில் ஒட்டும், துளைத்து உள்ளே போகும், பிறகு வெளியே வரவே வராது; உள்ளேயே வளர்ந்துகொண்டு போகும். அதனால்தான் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வந்தால் அதற்கு ஆகாது. எங்கள் பாலம் இத்தனை வருஷம் நின்றதற்குக் கார்த்திகை வெள்ளமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதே வெள்ளம்தான் கடைசியில் சாய்த்தது என்பது வேறு விஷயம்.

இதைப் பார்த்த பிறகு தண்ணீருக்குள் மரம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டும் வேண்டாம். கருங்கல். வானூர், திருவக்கரைப் பக்கம் குவாரிகள் இருக்கின்றன. வேலிக்கு நடும் கல்தூண் கொஞ்சம் பருமனாகச் சொல்லி வாங்கினோம். நடுவில் இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு கால். கல்லுக்குள் கம்பியும் இல்லை, அதைத் துளைக்கும் மட்டியும் எங்கள் ஓடையில் இல்லை. கடல் ஏறினாலும் எட்டாத உயரத்தில் கல் முடிந்து, அங்கிருந்து மரம். "அப்ப இது கல்பாலம்னு சொல்லு" என்றார் பெரியப்பா. சொல்லிக்கொள்ளட்டும். புதுச்சேரி போகும் பஸ்ஸில் மரப்பாலம் ஸ்டாப்பில் எத்தனை பேர் இறங்குகிறார்கள், அங்கே சிக்னலைத் தவிர என்ன இருக்கிறது?

எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தில் அதிகம் அடிபட்ட விஷயம். நெரிசல் இல்லாத நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று சாலைப் பாலங்களுக்கான விதி சொல்கிறது. எங்கள் பாலத்தின் பரப்பு 18 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஏழரை டன் வரும். "ஏழர டன்னா? நாம என்ன லாரியா ஓட்டப் போறோம்?" லாரி இல்லை, சாவு. பாடை தூக்குகிறவர்கள், பின்னால் சொந்தக்காரர்கள், முன்னால் பறை அடித்து ஆடிக்கொண்டு போகும் பையன்கள். எல்லோரும் பாலத்தின் நடுவில் நின்று ஒரு ஆட்டம் போடாமல் போகவே மாட்டார்கள். ஒரே தாளத்தில் இருபது முப்பது பேர் குதிப்பது, நின்றுகொண்டிருக்கும் லாரியைவிட மோசம்.

அதற்கு 4க்கு 8 அங்குல உத்திரம், ஒரு கண்ணுக்கு, அதாவது தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளிக்கு, மூன்று, செங்குத்தாக நிறுத்தி வைப்பதாகத் திட்டம். வேலைக்கு வந்த ஒரு பையன் அகலமாக உட்காரட்டும் என்று முதல் உத்திரத்தைப் படுக்க வைத்துவிட்டான். ஆசாரி ஒன்றும் சொல்லாமல் ஒரு ரீப்பர் கட்டையை எடுத்து, இரண்டு கல்லின் மேல் படுக்க வைத்து மிதிக்கச் சொன்னார், பிறகு நிமிர்த்தி வைத்து மிதிக்கச் சொன்னார். கணக்கிலும் அதேதான்: 4க்கு 8 கட்டையைப் படுக்கப் போட்டால் நிமிர்த்தி வைத்ததில் பாதிப் பாரம்தான் தாங்கும், வளைவதோ நான்கு மடங்கு.

எந்த மரம் என்பதில் எனக்கும் ஆசாரிக்குமே ஒத்துப்போகவில்லை. சவுக்கு எங்கள் மண்ணில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். ஏக்கர் ஏக்கராகக் காகித ஆலைக்கு லாரியில் போகிறது. சாரம் கட்ட அதைப்போல் வராது. ஆனால் மண்ணும் ஈரமும் பட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. பனை போடலாம் என்றால், வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு சொல்லிவிட்டது, அது நியாயமும்கூட. பனைக்கு வைரம் என்கிற கெட்டிப் பகுதி வெளியில், உள்ளே மெத்தென்ற சோறு. அதனாலேயே பழைய இலக்கணக்காரர்கள் அதை மரத்தில் சேர்க்காமல் புல்லில் சேர்த்தார்கள். பழைய பாலத்திலிருந்து கிடைத்த பனங்கட்டையில் இரண்டு, சுத்தியலால் தட்டினால் கணீரென்றன. அவற்றைக் கரையில் மண் சரியாமல் அணை கொடுக்க வைத்துக்கொண்டோம். உத்திரத்துக்கு வேங்கை, பலகைக்குக் கருமருது என்று கடைசியில் முடிந்தது. எனக்கு எல்லாமே வேங்கையாக இருக்கட்டும் என்று ஆசை. பணம் கருமருது என்றது. மரவாடியில் ஆசாரி ஒவ்வொரு பலகையாகப் புரட்டி, ஓரத்தில் வெள்ளை விழுந்ததை எல்லாம் தள்ளி வைத்ததில் வாடிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. அந்த வெள்ளைப் பகுதியில்தான் பூச்சி முதலில் வாய் வைக்கும்.

மருந்து விஷயம் தனி. மரத்தைக் காக்க உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட மருந்து நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்பது பலருக்குத் தெரியாது. 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசன் என்பவர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் உப்பாகக் கலந்து மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் வழியைக் கண்டார். வெளிநாடுகளில் மின்கம்பமும் வேலிக்காலும் எத்தனையோ கோடி அதில் குளித்திருக்கும். ஆர்சனிக் என்பதால் 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திவிட்டார்கள். எங்கள் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தொங்கும், கீழே இருக்கும் நண்டைப் பிடித்துக் குழம்பு வைப்போம். அது வேண்டாம் என்றேன். "அதெல்லாம் எதுக்கு, பண்ருட்டி பக்கத்துல இல்ல?" என்றார் ஆசாரி.

முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய். படகுக்காரர்கள் எத்தனையோ காலமாக மரத்துக்குப் பூசுவது அதைத்தான். கறுப்பாக, பாகு மாதிரி, தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு இளக்கி, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பலகைக்கும் நான்கு பக்கமும் இரண்டு முனையும் பூசினோம். முனைக்கு மட்டும் மூன்று தடவை, ஏனென்றால் மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். வாடை ஒரு மாதத்துக்கு ஊரை விட்டுப் போகவில்லை. அத்தை அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு போனார்.

பலகைக்குப் பலகை இடைவெளி வேண்டும் என்பதில் ஆசாரி பிடிவாதம். ஒரு 4 அங்குல ஆணியை நடுவில் படுக்க வைத்து, அதில் இடிக்கும்வரை பலகையைத் தள்ளி, போல்ட் முடுக்கிவிட்டு ஆணியை உருவிக்கொள்வார். படகென்றால் இடைவெளியில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி அடைத்திருப்பார். "படகுல தண்ணி உள்ள வரக்கூடாது, பாலத்துல தண்ணி மேல நிக்கக்கூடாது" என்றார். உத்திரத்தின் மேல்முகத்தைத் தட்டையாக விடாமல் இழைப்புளியால் இரண்டு பக்கமும் லேசாகச் சரித்தார், அங்கேயும் தண்ணீர் தங்கக் கூடாது என்று. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் கடல் காற்றுக்குத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், அடியில் அகலமான வாஷர். இதற்கு ஆன செலவில் இன்னும் இரண்டு உத்திரம் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிற சித்தப்பா இன்றுவரை சொல்கிறார். அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆணி அடித்தால் அந்தப் பலகையை நாளைக்கு உடைக்காமல் கழற்ற முடியாது. இந்தப் பாலத்தில் எந்தப் பலகையையும் ஒரு ஸ்பேனரால் கழற்றலாம்.

வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ராத்திரி உட்கார்ந்து உலகத்து மரப்பாலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மாவில் அமரபுரத்துப் பக்கம் ஏரிக்கு மேல் தேக்கில் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம், 1850-ஐ ஒட்டிக் கட்டியது, இன்றும் நடக்கிறார்கள். இங்கிருந்து போய்த் தேக்கு விற்றவர்களும் திரும்பி வந்தவர்களும் நம் ஊர்ப்பக்கம் எத்தனை பேர், ஒருவரும் அதைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜப்பானில் இவாகுனி என்ற ஊரில் ஐந்து வில் வளைவில் ஒரு மரப்பாலம். முதலில் கட்டியது 1673, மறுவருஷமே வெள்ளம் கொண்டுபோயிற்று. உடனே மறுபடி கட்டினார்கள். 1950-ல் ஒரு புயலில் போயிற்று, 1953-ல் கட்டினார்கள், 2001-லிருந்து 2004 வரைக்கும் வளைவு வளைவாகப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். அதே நாட்டில் இசே கோயில் வாசலில் ஆற்றின் குறுக்கே உள்ள பாலத்தை, கெட்டாலும் கெடாவிட்டாலும், 20 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது வழக்கம். அதன் தளப் பலகை போடக் கூப்பிடுவது கப்பல் தச்சர்களை. இதை ஆசாரியிடம் காட்டினேன். போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பலகையின் ஓரங்களையே வெகுநேரம் பார்த்தார். "இருபது வருஷம்னா சரி. கட்டுனப்ப சின்னப் பையனா கூட நின்னவன் அடுத்ததுக்கு மேஸ்திரியா இருப்பான். நம்ம கூட நிக்க எவன் வரான்?" என்றார்.

எங்களுடன் நின்றவர்கள் மூன்று பேர். ஒருவன் பாலிடெக்னிக் பையன், ஒருவன் பெயிண்டர், இன்னொருவர் கொல்லைக்காரர். அந்த மூன்று பேருக்கும் எந்தப் பலகை எந்த உத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். எனக்கு அது போதும் என்று தோன்றியது, ஆசாரிக்குத் தோன்றவில்லை.

சித்திரை முடிவதற்குள் பாலம் தயார். திறப்பு விழா என்று ஒன்றும் வைக்கவில்லை. வைத்தால் யாரைக் கூப்பிடுவது என்பதில் இன்னொரு கூட்டம் போட வேண்டியிருக்கும். மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் நறுக்கினார், ஆடுகள் முதலில் போயின. பைக் போகக் கூடாது என்று இரண்டு முனையிலும் நடுவில் ஒரு குட்டைக் கல் நட்டோம். ஒரு முனைக் கல்லை ஒரு வாரத்தில் யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், இப்போது மீன்கூடையோடு டிவிஎஸ் எக்ஸெல் தாராளமாகப் போகிறது. கணக்குப்படி தாங்கும். பலகைதான் சீக்கிரம் தேயும்.

புதுப் பலகை முதல் வெயிலில் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும், அதனால் மழைக்கு முன்னால் ஒரு சுற்று முடுக்கியே ஆக வேண்டும் என்று ஆசாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கென்றே ஒரு ஸ்பேனர் வாங்கி, கயிற்றில் கட்டி டீக்கடையில் தொங்கவிட்டிருந்தோம். போன வாரம் போய்க் கேட்டால் கயிறு மட்டும் இருக்கிறது. டிராக்டருக்கு என்று யாரோ வாங்கிப் போனார்களாம், யார் என்று டீக்கடைக்காரருக்கு ஞாபகம் இல்லை. படிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர் யாராவது இருந்தால், 19-ஆம் நம்பர், கைப்பிடியில் பச்சை பெயிண்ட் அடித்தது. ஐப்பசி பிறப்பதற்குள் கொண்டுவந்து மாட்டிவிடுங்கள்.